பொத்தானை அழுத்தியதும் உயிர்விடும் பேட்டரி: ராணுவக் கையடக்கக் கருவிகளுக்குப் பேட்டரி செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்களின் மாதிரிக் கருவிகளை மதிப்பிட அழைத்திருந்தார்கள். ஆறு குழுக்கள். ஆறும் ராணுவத்துக்கான கையடக்கக் கருவிகள். ஒவ்வொரு மேசையிலும் பேட்டரியைப் பற்றி முதலில் சொல்லப்பட்டது ஒரே ஒரு எண்தான்: இத்தனை மில்லி ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு. பதினொரு ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த எண்ணைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல். அவர்கள் மீது அல்ல.

2018-இல் சென்னையில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில் பாதுகாப்புத் துறைப் புத்தாக்கங்களை ஊக்குவிக்கும் ஐடெக்ஸ் திட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து இந்தத் துறைக்குள் சிறு நிறுவனங்கள் நிறைய வருகின்றன. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் நம் ஊர்களை இணைத்துக்கொண்டு போகிறது. நல்லதுதான். ஆனால் எல்லோரும் ஒரே பள்ளத்தில் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

துருவம் மாற்றி இணைப்பது, செல்லின் மீது நேரடியாகச் சூட்டுக்கோலை வைத்துப் பற்றவைப்பது, 9800 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்த போலி 18650 செல்லை (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் உள்ள உருளை செல்) வாங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அந்தத் தவறுகளைச் செய்கிறவர்களுக்குப் புகையே பாடம் நடத்திவிடும். புதிய வேதியியலையே கண்டுபிடிக்கப்போகிறேன் என்கிறவர்களுக்கும் இது அல்ல. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களின் வேலை அது. சந்தையில் கிடைக்கும் செல்லை வாங்கி, அதை நம்பகமான, மலிவான பேட்டரியாகக் கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சராசரி மின்னோட்டத்தை நம்புவது

என்னை இன்றுவரை உறுத்தும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையடக்க வானொலிக் கருவிக்கு ஒரு பேட்டரி. இரண்டு 18650 செல்கள் தொடராக, 2600 மில்லி ஆம்பியர்-மணி. இத்தகைய கருவிகளுக்கு 5-5-90 என்றொரு கணக்கு உண்டு: நேரத்தில் 5 விழுக்காடு பேசுவது, 5 விழுக்காடு கேட்பது, மீதி 90 காத்திருப்பது. எங்கள் கருவி பேசும்போது 2 ஆம்பியர் இழுத்தது, கேட்கும்போது கால் ஆம்பியர், காத்திருக்கும்போது 70 மில்லி ஆம்பியர். சராசரி எடுத்தால் ஏறத்தாழ 175 மில்லி ஆம்பியர். 2600-ஐ 175-ஆல் வகுத்தால் 14 மணி நேரத்துக்கும் மேல். காகிதத்தில் எழுதினேன், அடிக்கோடிட்டேன், வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். ஆய்வகத்தில் 25 டிகிரி வெப்பத்தில் அப்படியே 14 மணி நேரம் ஓடியது. இனிப்பு வாங்கிக் கொடுத்தோம்.

பயனர் சோதனை லடாக்கில் லே பக்கம், உயரமான ஓரிடத்தில், ஜனவரியில் நடந்தது. இரவு மைனஸ் 20 டிகிரி. மறுநாள் காலை, எங்கள் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, கருவியைக் கையில் வைத்திருந்தவர் திருநெல்வேலிக்காரரான ஒரு ஹவில்தார். “சார், கேட்கும்போது நன்றாக இருக்கிறது. பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால் அணைந்துவிடுகிறது. கையை எடுத்தால் மறுபடியும் உயிர் வருகிறது. பேட்டரி பாதிக்கு மேல் இருப்பதாகத்தான் காட்டுகிறது” என்றார். பேச முடியாத வானொலியை எதற்குக் கொண்டுவந்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நடந்தது இதுதான். எங்கள் பேட்டரியின் மொத்த உள்மின்தடை, அதாவது பேட்டரி தனக்குள்ளேயே மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, 25 டிகிரியில் 0.2 ஓம். 2 ஆம்பியர் இழுக்கும்போது 0.4 வோல்ட் இறங்கும். அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? மைனஸ் 20-இல் அதே பேட்டரியின் உள்மின்தடை 0.9 ஓம் ஆகிவிட்டது. இப்போது இறக்கம் 1.8 வோல்ட். கருவியோ 6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். அப்படியானால் பேட்டரியின் ஓய்வு மின்னழுத்தம் (மின்னோட்டம் இழுக்காதபோது இருப்பது) 7.8 வோல்ட்டைத் தொட்டதுமே பேச்சு முடிந்தது. 7.8 வோல்ட் என்றால் செல்லில் இன்னும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். பானை நிறையத் தண்ணீர், வாயோ ஊசித் துளை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அனுப்பும் பகுதிக்குத் தேவை குறிப்பிட்ட அளவு திறன். மின்னழுத்தம் குறைந்தால் அதை ஈடுகட்டப் பல கருவிகள் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மின்னழுத்தம் இன்னும் இறங்கும்.

குளிரில் உலோகங்கள் நன்றாகவே கடத்தும். கம்பியும் இணைப்பும் குற்றவாளிகள் அல்ல. செல்லுக்குள் அயனிகளைச் சுமக்கும் திரவமான மின்பகுளி தடித்துப்போகிறது. மின்முனையின் மேற்பரப்பில் அயனி உள்ளே நுழையும் வேலையும் மந்தமாகிறது. உயருவது இந்தத் தடைதான்.

இதோடு முடிந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் கழித்து எனக்கு எரிச்சல் வராது. ஊருக்குத் திரும்பி நான் செய்த காரியம்தான் வெட்கக்கேடு. ‘பேட்டரி போதவில்லை’ என்று முடிவுகட்டி, 2600-க்குப் பதிலாக 3400 மில்லி ஆம்பியர்-மணி செல்லை வாங்கிப் போட்டேன். விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒரே அளவு டப்பாவுக்குள் கூடுதல் கொள்ளளவை அடைக்க வேண்டுமென்றால் மின்முனைப் பூச்சைத் தடிமனாக்க வேண்டும். பூச்சு தடித்தால் உள்மின்தடையும் ஏறும். புதிய பேட்டரியின் தடை குளிரில் 1.3 ஓம். முழுதாக ஏற்றிய 8.4 வோல்ட்டிலிருந்து 2.6 கழித்தால் 5.8. அதாவது முழு சார்ஜில் இருக்கும்போதே பொத்தானை அழுத்தினால் அணைந்தது. அதிகப் பணம் கொடுத்து முன்பைவிட மோசமான பேட்டரியை வாங்கியிருந்தேன். அந்தத் தொகுப்பு முழுவதும் வீண். அதைச் செய்ய வைத்தது மில்லி ஆம்பியர்-மணி என்ற அந்த ஒற்றை எண்.

கடைசியில் கைகொடுத்தது, மின் துளைப்பான் கருவிகளுக்காகப் பெருவாரியாகச் செய்யப்படும் 2500 மில்லி ஆம்பியர்-மணி செல். உள்மின்தடை பாதிக்கும் குறைவு. மைனஸ் 20-இல் மொத்தம் 0.4 ஓம், இறக்கம் 0.8 வோல்ட். ஓய்வு மின்னழுத்தம் 6.8-க்கு வரும்வரை பேசலாம். அந்த இடத்தில் செல் கிட்டத்தட்டக் காலி. பட்டியலில் சிறிய எண், களத்தில் நீண்ட ஆயுள். உலகமெங்கும் துளைப்பானும் தூசி உறிஞ்சியும் விற்பதால் விலையும் குறைவு.

ஆக, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: மிகக் குளிரான நாளில், பேட்டரி தீரப்போகும் நேரத்தில், பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில் முனைகளில் எத்தனை வோல்ட் நிற்கிறது? இதற்கு விடை சொல்லாத சோதனை எதுவும் சோதனை அல்ல.

அந்தச் சோதனையிலும் இரண்டு இடங்களில் ஏமாறுவீர்கள். முதலாவது, உள்மின்தடை அளக்கும் சிறு கருவிகள். அவை பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் அளக்கின்றன. அவ்வளவு வேகத்தில் மின்முனை மேற்பரப்பின் மந்தம் கண்ணில் படாது. அழகான சிறிய எண் வரும். சில விநாடிகள் 2 ஆம்பியரை உண்மையாகவே இழுத்து, மின்னழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இரண்டாவது, குளிர்ப்பெட்டிக்குள் வைத்துத் தொடர்ச்சியாக மின்னிறக்கம் செய்வது. தொடர்ந்து இழுத்தால் செல் தன் சூட்டிலேயே வெதுவெதுப்பாகி, இறங்கிய மின்னழுத்தம் மெல்ல மேலேறும். வரைபடம் ஆறுதலாக இருக்கும். ஆனால் காத்திருந்து காத்திருந்து ஐந்து விநாடி பேசுகிறவனின் பேட்டரி ஒருபோதும் சூடாகாது. குறைந்தது நான்கு மணி நேரம் குளிரில் ஊறவிட்டு, 5-5-90 கணக்கில் விட்டுவிட்டு இழுங்கள். குளிர்ப்பெட்டி இல்லையே என்று சொல்லாதீர்கள். ஐஸ்கிரீம் கடை உறைபெட்டி மைனஸ் 18-இல்தான் ஓடுகிறது. நாங்கள் இரண்டாம் கையாக வாங்கிய ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பயிற்சி மாணவர் பால்கோவா வைத்திருந்தது தனிக்கதை.

வெப்ப உணரியைப் பலகையில் வைப்பது

உறைநிலைக்குக் கீழே லித்தியம்-அயான் செல்லைச் சார்ஜ் செய்யக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே லித்தியம் உலோகமாகப் படியும். அது திரும்பி வராத இழப்பு. ஊசிபோல வளர்ந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்றும் ஏற்படலாம். சார்ஜரில் வெப்பநிலை பார்க்கும் வசதி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் உணரி எங்கே இருக்கிறது? மின்சுற்றுப் பலகையில், சூடாகும் டிரான்சிஸ்டர் பக்கத்தில். கூடாரத்துக்குள் கொண்டுவந்த ஐந்து நிமிடத்தில் பலகை 10 டிகிரி காட்டும். செல்லின் நடுப்பகுதி மைனஸ் 15-இல் கிடக்கும். உணரியைச் செல்லின் உடம்போடு ஒட்டுங்கள்.

கிடங்கை மறப்பது

செல்லைப் பாதுகாக்கும் மின்சுற்றான காப்புப் பலகை எப்போதும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 100 மைக்ரோ ஆம்பியர்தானே என்று விடாதீர்கள். ஆண்டுக்கு 876 மில்லி ஆம்பியர்-மணி. தனியாக அனுப்பும் லித்தியம்-அயான் பேட்டரியைச் சரக்கு விமானத்தில் ஏற்றும்போது 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்று 2016 முதல் விதி இருக்கிறது. 2600-இல் 30 விழுக்காடு 780. கிடங்கில் 325 நாட்கள். அதற்குப்பிறகு பெட்டியைத் திறக்கிறவர் கையில் இருப்பது செத்த பேட்டரி. பட்டியலில் நீங்கள் எழுதியதோ ஐந்தாண்டு ஆயுள். பலகையை முழுதாக உறங்கவைக்கும் வசதி செய்து, சார்ஜரில் முதல்முறை செருகும்போது விழிக்கச் செய்யுங்கள்.

ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் செல்களுக்குக் கிடங்கில் வேறு குணம். நெடுநாள் கிடந்தால் லித்தியத்தின் மேல் மெல்லிய படலம் படரும். அதனால்தான் அவை பத்தாண்டு கெடாமல் இருக்கின்றன. அதனால்தான் முதல் அழுத்தத்தில் மின்னழுத்தம் சற்றுத் தடுமாறிப் பிறகு எழுகிறது. புதிய செல்லில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

மீதியைக் காட்டாமல் விடுவது

செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் வெட்டப்படுவது மின்னளவு காட்டிதான். அமெரிக்க ராணுவத்தின் பிஏ-5590 பேட்டரியைப் பாருங்கள். பத்து லித்தியம்-கந்தக டை ஆக்சைடு செல்கள், ஏறத்தாழ ஒரு கிலோ, ஒருமுறைப் பயன்பாடு. பல வகைக் கருவிகளுக்கு அது ஒன்றே உணவு. 2003 ஈராக் போரில் அதற்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. உற்பத்தி தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. பழைய மாதிரியில் எவ்வளவு மீதி என்று பார்க்க வழியும் இல்லை. பார்க்க முடியாவிட்டால், இரவுக் காவலுக்குப் போகிறவன் என்ன செய்வான்? பாதி இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவான். உயிர் அவனுடையது, அதில் தவறும் இல்லை. பிற்காலத்து மாதிரிகளில் மீதி காட்டும் வசதி வந்தது. சில நூறு ரூபாய்ச் சில்லை மிச்சம் பிடித்துப் பாதி பேட்டரியைக் குப்பையில் போட வைப்பது சிக்கனம் இல்லை.

காட்டினால் மட்டும் போதாது, குளிரையும் கணக்கில் எடுத்துக் காட்ட வேண்டும். அந்த ஹவில்தாரின் கருவி பாதிக்கு மேல் என்று காட்டியது பொய்யும் அல்ல, உதவியும் அல்ல.

சான்றிதழைக் கடைசிக்குத் தள்ளுவது

லித்தியம் பேட்டரிகளை அனுப்பிவைக்கத் தேவையான பாதுகாப்புச் சோதனையான யூஎன் 38.3 முடிந்தபின் செல்லை மாற்றினால் பெரும்பாலும் மறுபடியும் முதலிலிருந்து. செல்லை முதலில் முடிவு செய்யுங்கள்.

‘ராணுவத் தரம்’

அப்படி ஒரு தரம் கிடையாது. மின்னணுக் கருவிகளுக்கான சுற்றுச்சூழல் சோதனைகளை வகுக்கும் இந்திய முப்படைகளின் ஜேஎஸ்எஸ் 55555 ஆவணத்தில் எந்தச் சோதனை, எந்த வெப்பநிலை, எத்தனை மாதிரிகள் என்று எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

இரும்பு பாஸ்பேட் மோகம்

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை செல் பாதுகாப்பானது, நீடித்து உழைக்கும், உண்மை. முதுகில் சுமக்கிறவனுக்குக் கனம். குளிரிலும் கெட்டிக்காரன் அல்ல.

தாழ்ப்பாள்

தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, இருட்டில், உங்கள் பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். முடியவில்லையா, மறுபடியும் வரையுங்கள்.