ஓசூரின் தெரு இணைப்பை அளப்பது எப்படி?

நகரம் பரவுகிறது என்பதை வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. 2019இல் மாநகராட்சியான ஓசூரில் ஒரு மனைப்பிரிவின் தெரு அடுத்த மனைப்பிரிவின் மதிலில் முட்டி நின்றால், பின்மனைக்குப் போகக்கூட பாகலூர் சாலைக்கு வந்து சுற்ற வேண்டியிருக்கும். இந்தத் துண்டிப்பைத்தான் அளக்கப் போகிறோம்.

பைத்தான் நிரல்மொழியும், தெரு வலையை ஆராய்வதற்கான அதன் தொகுப்பான ஓஎஸ்எம்என்எக்ஸும் நிறுவியிருப்பீர்கள் எனக் கொள்கிறேன். படம் வரைய க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் சிறந்தது. எண்ணுவதற்கு ஓஎஸ்எம்என்எக்ஸையே பரிந்துரைப்பேன். எல்லைக்கோட்டில் வெட்டுப்படும் தெரு முட்டுச்சந்தாகத் தோன்றிவிடாதபடி, இந்தத் தொகுப்பு எல்லைக்கு வெளியே 500 மீட்டர் கூடுதலாக இறக்கி, ஒவ்வொரு சந்திப்பிலும் கூடும் தெருக்களை எண்ணிய பிறகே நறுக்குகிறது.

முதலில் எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வாகனத் தெருக்களை இறக்கி, மீட்டர் அளவுக்கு மாற்றுங்கள். 78 பாகைத் தீர்க்கரேகை இடையில் செல்வதால் ஓசூர், பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையின் 43ஆம் மண்டலத்திலும், கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் 44ஆம் மண்டலத்திலும் விழும். மண்டலத்தைக் கையால் குறிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, நெருங்கிய புள்ளிகளை ஒரே சந்திப்பாக இணைக்க வேண்டும். இங்குதான் பலரும் தடுமாறுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 44இல் இருபுற வழித்தடங்களும் சர்வீஸ் சாலைகளும் சேர்ந்து ஒரு சந்திப்பையே பலவாகக் காட்டுவதால், இணைப்புத் தொலைவைக் கூட்டிவிடத் தோன்றும். ஆனால் அங்கே தரும் எண் ஆரம்; 20 என்று கொடுத்தால் 40 மீட்டருக்குள் இருப்பவையெல்லாம் ஒன்றாகிவிடும். முப்பதுக்கு நாற்பது மனைகள் முதுகோடு முதுகாக அமைந்து, நடுவே முப்பதடித் தெரு ஓடினால், அடுத்தடுத்த தெருக்களின் இடைவெளி 110 அடி, அதாவது சுமார் 33 மீட்டர்தான். மனைப்பிரிவு முழுவதும் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். ஆகவே 10 என்ற எண்ணை விட்டு நகராதீர்கள். நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் எஞ்சுவதைப் படத்தைப் பார்த்துத் திருத்துங்கள்.

இனி ஒரு சந்திப்புக்குச் சராசரியாக எத்தனை தெருக்கள், முட்டுச்சந்துகளின் விழுக்காடு, தெருக்களின் நீளம் நேர்தொலைவைப் போல் எத்தனை மடங்கு என்ற மூன்றையும் கணக்கிடுங்கள். 1975 முதல் எங்கெங்கே கட்டடங்கள் எழுந்தன என்பதைக் காட்டும் ஜிஎச்எஸ்எல் என்ற உலகளாவிய கட்டடப்பரப்புத் தரவை அதன்மேல் விரித்தால், எந்தக் காலத்துப் பகுதி எவ்வளவு துண்டாகியிருக்கிறது என்பது விளங்கும். வரைபடத்தில் இன்னும் ஏறாத புதிய தெருக்களைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு முதலில் சேர்த்துவிடுவது நல்லது.

சேர்க்கை: முட்டுச்சந்தின் கோடியில் நடைபாதை இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வாகன வலையில் அது வராது. நடப்பவர்களுக்கான வலையையும் தனியே இறக்கி அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் முட்டுச்சந்தாகவே நிற்கும் இடங்கள்தான் வழி திறக்கக் கோரி மாநகராட்சியிடம் மனு கொடுக்க வேண்டியவை.