கொழும்பில் மீன் வாங்குவோர்க்கு: இனம் அறிதலும் இனத்துக்கேற்ற சமையலும்

கொழும்புச் சந்தைகளில் மீன் வாங்கப் புகுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே மீன்கள் பெரும்பாலும் சிங்களப் பெயர்களாலேயே விற்கப்படுகின்றன என்பதாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் பேசும் வியாபாரிகள் இருந்தாலும், அவர்களும் அறக்குளாவைத் தோரா என்றும், சூரையைப் பலயா என்றும், கீரியை ஹுருல்லா என்றும், கொடுவாவை மோதா என்றும், திருக்கையை மடுவா என்றும் கூவி விற்பதே வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து குடியேறிய குடும்பங்கள் இந்த இரட்டைப் பெயர்களுக்குள் தடுமாறி, தெரிந்த ஒரே மீனாகிய அறக்குளாவின் துண்டுகளையே வாரந்தோறும் வாங்கி வருவதை நான் பல வீடுகளில் காண்கிறேன். அறக்குளா நல்ல மீன்தான். ஆயினும் இத்தீவின் கடலும் குளமும் தரும் சுவைகளில் அது ஒன்று மட்டுமே. மீனை முழுதாகப் பார்த்து இனங்காணப் பழகியவருக்கு, அதன் பாதி விலையிலும் அதற்கு நிகரான உணவு கிடைக்கும்.

எந்தக் காலத்தில் எது நல்லது என்பதைக் காற்றே தீர்மானிக்கிறது. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை சோழகம் வீசும்போது மேற்குக் கரை கொந்தளிப்பாக இருக்கும். அக்காலத்தில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கக் கடல் அமைதியாக இருப்பதால் கிழக்கின் மீன் பாரவண்டிகளில் பனிக்கட்டியோடு கொழும்புக்கு வருகிறது. வாடைக்காலத்தில் நிலைமை மாறி, நீர்கொழும்பு, முகத்துவாரம், தெஹிவளை, கல்கிசைக் கரைகளில் இறங்கும் சிறு படகுகளின் மீன் அன்றன்றே கிடைக்கும். நிலவொளி மிகுந்த இரவுகளில் விளக்கு வைத்துச் சிறுமீன் பிடிப்பது பலனளிப்பதில்லை. ஆகவே பூரணையை ஒட்டிய நாட்களில் கீரி, சூடை போன்றவற்றின் வரத்துக் குறையும். மொத்தச் சந்தை 2011ஆம் ஆண்டில் புறக்கோட்டையின் சென் ஜோன்ஸ் சந்தையிலிருந்து பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. அங்கே விடியுமுன் செல்பவருக்குத் தெரிவு அதிகம்; அவ்வளவு தூரம் போக இயலாதவர் தம் பகுதிச் சந்தையில் காலை எட்டு மணிக்குள் வாங்கினாலே போதுமானது.

புதுமையை அறியக் கண்ணைப் பார் என்று எல்லோரும் சொல்வர். தெளிந்து புடைத்த கண் நல்ல அடையாளமே. ஆனால் பனிக்கட்டியில் நேரடியாகக் கிடந்த மீனின் கண் புதிதாக இருந்தும் மங்கிப்போகலாம் என்பதால், அதை மட்டும் நம்பக் கூடாது. செவுளை விரித்து, அது ஈரமான செந்நிறமாக இருக்கிறதா, அதன் மணம் கடல்நீரின் மணமா அல்லது புளித்த மணமா என்று பார்க்க வேண்டும். விரலால் முதுகுத் தசையை அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். வயிறே எல்லாவற்றுக்கும் முன்பு கெடும் இடமாகையால், சிறுமீன்களில் வயிறு உடைந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுவதே நலம். பல நாள் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கிப் பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவருகின்றன. பெரிய சூரை இனங்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. ஆகையால், முந்திய நாள் கரைவலையில் அகப்பட்ட பாரைக்கும் இவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்துப் பார்ப்பது பொருந்தாது.

துண்டாக விற்கப்படும் மீனில்தான் அதிகக் கவனம் தேவை. அறக்குளா என்று சொல்லித் தலபத்து என்னும் பாய்மீனின் துண்டைக் கொடுப்பது அரிதன்று. முழு அறக்குளாவின் விலாவில் மெல்லிய, நெளிந்த குறுக்குக் கோடுகள் பல காணப்படும். விலாவின் நீளத்துக்கு ஓடும் நடுக்கோடு, இரண்டாம் முதுகுச் செட்டை முடியும் இடத்தில் திடீரெனக் கீழ்நோக்கி வளையும். துண்டாக்கிய பின்னும் அதன் தோல் மெல்லியதாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். தசை வெளிறி, நடுவெலும்பை ஒட்டிச் சிறிதளவே கருஞ்சதை தெரியும். தலபத்தின் தோலோ தடித்து, அதனுள் ஊசி போன்ற செதில்கள் புதைந்திருக்கும். விரல்நுனியால் தடவினால் அந்தச் சொரசொரப்புத் தட்டுப்படும். சுறாத் துண்டில் நடுவில் முள்ளின்றிக் குருத்தெலும்பு மட்டுமே இருக்கும், தோல் மணல்தாள் போலிருக்கும். அதில் காரநெடி வீசினால் அது பழையது என்று கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்வதைவிட எளிய வழி ஒன்றுண்டு: தலையும் வாலும் இருக்கும் மீனைக் காட்டச் சொல்லி, கண்முன்னே வெட்டித் தரும்படி கேட்பதே அது. அவ்வாறு கேட்பது இங்கே எவருக்கும் குறையாகப் படுவதில்லை. தலையையும் கேட்டு வாங்கினால் குழம்புக்கு அதுவே சுவை கூட்டும்.

சூரை வகைகளை வேறுபடுத்துவது கடினமன்று. பலயா எனப்படும் சூரையின் வயிற்றுப் பக்கத்தில் நான்கு முதல் ஆறு வரையான கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். அட்டவல்லாவுக்கு அக்கோடுகள் இல்லை. அதன் முதுகில் நெளிகோடுகளும், மார்புச் செட்டையின் கீழ்ச் சில கரும்புள்ளிகளும் உண்டு. கெலவல்லாவின் வாலருகில் உள்ள சிறு செட்டைகள் மஞ்சளாக இருக்கும். இவை அனைத்தும் கருஞ்சதை மிக்க, புளிக்கும் மிளகுக்கும் ஈடுகொடுக்கும் மீன்கள். கொறுக்காய்ப் புளியை அரைத்து மிளகோடு பிசறி, நீர் வற்றும்வரை மண்சட்டியில் சமைக்கும் அம்புல் தியல், தென்பகுதிச் சிங்கள மக்கள் இம்மீனுக்கென்றே கண்ட பக்குவமாகும். புளிப்பு மிகுந்திருப்பதால் அது சில நாட்கள் கெடாமலும் இருக்கும். நம் வீடுகளில் பழப்புளியும் வெந்தயமும் சேர்த்து வைக்கும் காரக் குழம்பும் இம்மீனுக்குப் பொருந்தும். தேங்காய்ப்பால் சொதிக்கு மட்டும் சூரையைப் பயன்படுத்தாதீர்கள். அதன் கனத்த சுவை சொதியின் மென்மையை அழித்துவிடும்.

சூரை, கும்பளா, கீரி முதலிய மீன்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. இவை வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்கும். அது சமைப்பதால் அழிவதில்லை, உறையவைப்பதாலும் அழிவதில்லை. உண்டபின் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் உடல் அரிப்பும் ஏற்பட்டால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். உண்ணும்போதே நாக்கில் மிளகு போன்ற எரிவு தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். எனவே இம்மீன்களைச் சந்தையில் கடைசியாக வாங்கி, பனிக்கட்டியுடன் பையிலிட்டு, வேறு வேலைகளுக்குத் திரும்பாமல் நேரே வீட்டுக்குக் கொண்டுசெல்வது அவசியம்.

சிறுமீன்களை நம் நகர வீடுகள் புறக்கணிப்பது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது. கீரியின் விலாவில் பொன்னிறப் புள்ளிகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கும். சூடைக்கு அந்த வரிசை இல்லை, அதன் வயிற்று விளிம்பும் கூர்மையாக இருக்கும். கும்பளாவின் மார்புச் செட்டையருகே ஒரு கரும்புள்ளி தெரியும். அதனோடு குழப்பிக்கொள்ளப்படும் லின்னாவுக்கோ வாலை நோக்கிச் செல்லும் நடுக்கோட்டில் கடினமான செதில் விளிம்பு இருப்பதால், விரலை வாலிலிருந்து முன்னோக்கி இழுத்தால் உடனே தெரிந்துவிடும். கொழுப்பேறிய கீரியை உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்து, புட்டோடும் சம்பலோடும் உண்ணும்போது கிடைக்கும் நிறைவை விலையுயர்ந்த எந்தத் துண்டும் தருவதில்லை என்பது என் உறுதியான கருத்து. நெத்தலியைத் தலை நீக்கி, தேங்காய்ப்பூவோடு வறையாக்கினால் முள்ளோடே உண்ணலாம். சுண்ணாம்புச் சத்தும் அதிலேயே கிடைக்கும். முரலின் முள் பச்சை நிறமாக இருப்பதைக் கண்டு கெட்டுப்போனது என்று எறிந்துவிடுவோர் உண்டு. அது அம்மீனுக்கு இயல்பான நிறமே, உண்பதால் தீங்கில்லை.

சொதிக்கு வெண்தசை மீன்களே உரியவை. விளைமீனின் மூக்கு நீண்டு, உதடு தடித்து, கன்னத்தில் செதிலின்றி வழுவழுப்பாக இருக்கும். கொடுவாவின் நெற்றி உள்வளைந்து, வாய் கண்ணையும் தாண்டிப் பின்செல்லும். கடலுக்கும் களப்புக்கும் இடையே வாழும் இம்மீனின் சதை இதழ் இதழாகப் பிரியும். பாரை சற்று இறுக்கமான தசையுடையது, பொரியலுக்கும் குழம்புக்கும் ஒருங்கே ஏற்றது. காரல் சிறியதும் முள் மிகுந்ததுமாயினும், அதன் சொதியைப் பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கொடுப்பது நம்மவர் வழக்கம். சொதி வைக்கும்போது இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் சேர்த்து மீனை அவித்து, முதற்பாலை இறுதியில் விட்டு, ஒரு கொதி தொடங்கியவுடன் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும்; தேசிப்புளியை இறக்கிய பின்பே விடுதல் வேண்டும், முன்னதாக விட்டால் பால் திரைந்துபோகும். திருக்கையைப் பற்றி நம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை. அவித்து உதிர்த்து வறையாக்கினால் சிறுவரும் முள்ளுக்கு அஞ்சாமல் உண்பர்.

கழுவும்போது முள்ளில் கவனம் வேண்டும். ஓராவின் முதுகு, வயிற்றுச் செட்டை முட்களிலும், கெளிற்றின் செட்டை முட்களிலும், திருக்கையின் வால்முள்ளிலும் நஞ்சு உண்டு; கத்தரிக்கோலால் அவற்றை முதலில் வெட்டி நீக்க வேண்டும். குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குத் தாங்கக்கூடிய சுடுநீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வலியோ வீக்கமோ தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உடலை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனை எந்த வகையிலும் சமைக்கக் கூடாது, அதன் நஞ்சு உயிரைக் கொல்லும். கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் சுறா, தலபத்து முதலிய பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். சிறுமீன்களில் அந்தக் குறை மிகக் குறைவு.

நன்னீர் மீன் என்றாலே சேறு நாறும் என்று ஒதுக்குவது கொழும்புத் தமிழரிடையே பரவலான எண்ணமாகும். பொலனறுவை, அம்பாறை, உடவளவைப் பகுதிகளின் பெரிய குளங்களிலிருந்து திலாப்பியா இங்கே வருகிறது. இந்நாட்டின் குளங்களுக்கு 1952இல் கொண்டுவரப்பட்ட இவ்வினத்தின் பின்வந்த வகையொன்றின் வாலில் மேலிருந்து கீழாகச் செல்லும் கோடுகள் வரிசையாகக் காணப்படும். அதுவே பருமனும் சதைப்பிடிப்பும் மிக்கது. சேற்று நாற்றத்துக்குக் காரணமான பொருள் புளிப்பால் சிதைவதால், துண்டுகளைத் தேசிப்புளியும் உப்பும் தடவிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவி, பழப்புளிக் குழம்பிலோ கொறுக்காயிலோ சமைத்தால் குறை தெரியாது. வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கரிய தோலையும் சுரண்டி நீக்க வேண்டும். பேரை வாவியிலோ நகரக் கால்வாய்களிலோ பிடித்த மீனை, பிடித்தவர் எவ்வளவு பழக்கமானவராயினும், வாங்க வேண்டாம், அந்நீர் மாசடைந்தது. விரால், சிங்களத்தில் லூலா, நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால் உயிரோடு விற்பனைக்கு வரும்; முள் குறைவு, தசை இறுக்கம், குழம்பில் கரையாது. ரோகு, கட்லா ஆகிய கெண்டை இனங்களில் தசைக்குள் கவர்முட்கள் நிறைந்திருப்பதால், தோலோடு இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் நெருக்கமாகக் கீறிவிட்டு நன்கு சூடான எண்ணெயில் பொரிக்க வேண்டும். அப்போது அந்தச் சிறு முட்கள் நொறுங்கிச் சதையோடு உண்ணத்தக்கனவாகிவிடும்.