ஸ்போர்ட்ஸ் காடி வாங்குறதுக்கு முன்னாடியே விக்கிற கணக்கையும் போட்டுருங்க

மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட் மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்திருக்கப்போ தோட்டத்து தம்பி ஒருத்தன் ஃபோன காமிச்சு, அண்ணே டொயோட்டா சுப்ரா வெல நல்லா எறங்கிருச்சு வாங்கலாமானு கேட்டான். எறங்குனது பெருசில்லலா, இன்னும் எவ்ளோ எறங்கும், நாளைக்கு உன்கிட்டேர்ந்து யாரு வாங்குவான், இதுக்கு பதில் இல்லாம டெபாசிட் கட்டாதனு சொன்னேன். அவனுக்கு சொன்னத இங்கயும் எழுதிடுறேன்.

மொதல்ல லோன், ஏன்னா நம்ம ஆளுங்க அடி வாங்குறது இங்கதான். 150,000 வெள்ளி (ரிங்கிட்) கடன், 3.5 பர்சன்ட் ஃப்ளாட் ரேட், அதாவது கட்டக் கட்ட கொறையாம மொத்தக் கடனுக்கும் வருஷா வருஷம் வட்டி, 9 வருஷம்னு வெச்சுக்குங்க. வட்டி மட்டும் 47,250, மாசம் 1,826 வெள்ளி கிட்ட. ரெண்டு வருஷத்துல 43,800க்கு மேல கட்டியிருப்பீங்க, ஆனா வட்டிய ஆரம்பத்துலயே கூடுதலா எடுக்குற ரூல் 78 கணக்குல போட்ட லோனா இருந்தா, முன்கூட்டியே செட்டில் பண்ணப் போனா கடன் கொறஞ்சிருக்கிறது 25,000 சொச்சம்தான், மிச்சமெல்லாம் வட்டியில போயிருக்கும். அந்த ரெண்டு வருஷத்துல காடி வெல 40,000 எறங்கி, நீங்க போட்ட முன்பணம் கம்மியா இருந்தா, காடிய வித்துட்டு கைக்காசையும் பேங்குக்கு கட்டணும். அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே ரெண்டாவது வருஷம், மூணாவது வருஷம் செட்டில்மெண்ட் எவ்ளோனு கேட்டு வாங்கிருங்க. அதே மாடல்ல ரெண்டு மூணு வருஷம் பழசு என்ன வெலக்கி ஓடுதுன்னும் பாருங்க, விளம்பரத்துல போட்டிருக்கிறது ஆசைப்படுற வெல, கைக்கு வர்றது கம்மியாதான் இருக்கும்.

எல்லா காடியும் ஒரே மாதிரி எறங்காது. மேனுவல் கியர், கம்மியா வந்த மாடல், ஒரிஜினலா இருக்கிறது, இதெல்லாம் வெல நிக்கும், ஹோண்டா சிவிக் எஃப்டி2 டைப் ஆர் அதுக்கு நல்ல உதாரணம். நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடிஆர் வேற கத, அமெரிக்காவுல 25 வருஷம் தாண்டுனா எறக்குமதி ஈஸி, 1999ல வந்த காடிக்கெல்லாம் 2024லேர்ந்து அங்கயும் ஆளு இருக்கு, அதான் வெல நம்ம கைக்கு எட்டாம போச்சு. பெரிய இஞ்சின் ஜெர்மன் சொகுசு காடிங்க நேர் எதிர். பிஎம்டபிள்யூ இ60 எம்5 வி10, புதுசுல ராஜா, பழசுல இஞ்சினுக்குள்ள ராட் பேரிங் தேஞ்சிருக்குமோங்கிற பயத்துலயே வாங்குறவன் ஓடிடுவான். மஸ்டா ஆர்எக்ஸ்8 மலிவா கெடச்சா ஏன் மலிவுனு கேளுங்க, ரோட்டரி இஞ்சினுக்கு தனி மீட்டர் வெச்சு கம்ப்ரஷன் பாக்கணும், அத பாக்காம வாங்குறது சூதாட்டம்.

ஜப்பான்லேர்ந்து பழசா எறக்குமதி ஆன ரீகான் காடின்னா, அங்க ஏலம் விட்டப்போ காடி நெலமைய எழுதுன ஆக்சன் ஷீட்ட விடாதீங்க. சாசிஸ் நம்பர வெச்சு நீங்களே தேடிப் பாருங்க, டீலர் காட்டுற பேப்பர மட்டும் நம்பாதீங்க, நான் நம்பி ஏமாந்தவன், மீட்டர் 40,000ன்னு சொன்ன காடிக்கு ஷீட்டுல வேற நம்பர் இருந்துச்சு. கிரேடு 4, 4.5 நல்லது, ஆர், ஆர்ஏ போட்டிருந்தா அடிபட்டு ரிப்பேர் பண்ணதுன்னு அர்த்தம், விக்கும்போது அடுத்தவனும் அத தேடிக் கண்டுபிடிப்பான்.

வருஷச் செலவு சிசி ஏறுனா சும்மா ஏறாது, பாயும். செமனாஞ்சோங்ல, அதாவது தீபகற்ப மலேசியாவுல, 2.0 டைப் ஆருக்கு வருஷ ரோட் டேக்ஸ் 378 வெள்ளி கிட்ட, 3.0 சுப்ராவுக்கு 2,125, 3.8 ஆர்35 ஜிடிஆருக்கு 5,725. பெரிய இஞ்சின் காடிக்கு செகண்ட்ஹேண்ட் வாங்க ஆளு கம்மியா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். பழசாக ஆக பேங்கும் லோன் வருஷத்த கொறைக்கும், அப்புறம் ரொக்கம் வெச்சிருக்கவன் மட்டும்தான் வருவான், அவன் பேசுற வெல உங்களுக்கு புடிக்காது.

இன்னொன்னு, நம்ம ஊர் ரோடு. தோட்டத்துக்குள்ள செம்மண்ணு, பம்பு, செம்பனக் குலை லோரி பின்னாடி கல்லு, காடி தாழ்வா இருந்தா முன்பக்க லிப் மாசத்துக்கு ஒருதடவ போயிடும். ஏத்தி எறக்குன சஸ்பென்ஷன், இஞ்சின் மாத்துனது, சத்தமான எக்சாஸ்ட், இதுக்கெல்லாம் போட்ட காசு திரும்பி வராது, புஸ்பகோம் காடி சோதனையில வேற மாட்டும். கழட்டுன ஒரிஜினல் சாமான எல்லாம் வீட்டு பின்னாடி பத்திரமா வைங்க, விக்கும்போது திரும்ப மாட்டிக்கலாம்.

விக்கும்போது நம்ம டவுன்லயே ஆளு தேடாதீங்க, பாக்க வருவாங்க, படம் எடுப்பாங்க, வாங்க மாட்டாங்க. ஈப்போ, கேஎல் ஆளுங்களுக்குதான் காட்டணும், சர்வீஸ் ரெக்கார்டும் பழைய பில்லும் ஒரு ஃபைல்ல இருந்தா பேரம் பாதி கொறையும். இன்சூரன்ஸ்ல உள்ள என்சிடி, அதாவது க்ளைம் பண்ணாததுக்கு கெடைக்கிற கழிவு, உங்களோடது, காடியோட போயிடாம அடுத்த காடிக்கு மாத்திக்குங்க. வாங்குறவன் பாதி காசு குடுத்து மீதி அப்புறம்னா சாவிய குடுக்காதீங்க, பேரு மாத்துறதுக்கான பி5 சோதனை பாத்து, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஆபீஸ்ல பேரு மாறாத வரைக்கும் அவன் பறக்குற பறப்புக்கு சம்மன் உங்க வீட்டுக்குதான் வரும்.