உலக வரலாறு படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாறு படிக்கும்போது முடிவு நமக்கு முன்பே தெரியும். அதனால் நடந்ததெல்லாம் நடந்தே தீர வேண்டியவை போலத் தோன்றிவிடுகிறது. நான் பார்த்தவரை மற்ற பல தவறுகளுக்கும் ஆணிவேர் இதுதான்.

பெர்லின் நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 நவம்பர் 9 அன்று விழுந்தது என்று ஒரே வரியில் படித்துவிடுகிறோம். அந்த மாலையில் கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிக்காகப் பேசிய குந்தர் ஷபோவ்ஸ்கி, செய்தியாளர்கள் முன் உட்கார்ந்திருந்தார். கையில், மக்கள் மேற்கே போவதற்கான புதிய பயண விதிகள் பற்றிய ஒரு தாள். அந்த விதிகள் மறுநாளிலிருந்துதான் என்பது அவருக்குத் தெரியாது. எப்போதிலிருந்து அமல் என்று கேட்டார்கள். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனே, தாமதமில்லாமல் என்றார். செய்தி பரவியதும் மக்கள் எல்லைச் சாவடிகளில் திரண்டார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகர் மேலிடத்துக்கு மாறி மாறி போன் செய்தும் தெளிவான உத்தரவு கிடைக்கவில்லை. இரவு பதினொன்றரை மணிவாக்கில் தானே முடிவெடுத்துத் தடுப்பைத் திறக்கச் சொன்னார். அந்த இரவு ரத்தத்தில் முடிந்திருக்கவும் வாய்ப்பிருந்தது.

சரி, அப்படியென்றால் ஒரு தாளும் ஓர் அதிகாரியும் சேர்ந்தா சுவரைத் தள்ளினார்கள்? இப்படி எடுத்துக்கொள்வதும் தவறுதான். அதே ஆண்டு செப்டம்பரில் ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லையைத் திறந்து கிழக்கு ஜெர்மானியர்களை அந்த வழியாக மேற்கே போகவிட்டிருந்தது. அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் அரசை எதிர்த்து ஊர்வலம் போனார்கள், சுடுவார்கள் என்ற பயத்தோடுதான். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. எனக்கு இந்தப் பகுதிதான் மனதை விட்டு அகலாதது.

ஒருவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவைப்பது கண்டுபிடிப்புகளில் இன்னும் அதிகம். அச்சு என்றதும் ஜெர்மனியின் குட்டன்பர்க் என்கிறோம். அவருக்கு நானூறு ஆண்டுகள் முன்பே சீனாவில் பி ஷெங் சுட்ட களிமண்ணில் தனி எழுத்துகள் செய்திருந்தார். கொரியாவில் 1377இல் உலோக எழுத்துகளால் அச்சான ஒரு பௌத்த நூல் இன்றும் பாரிஸில் இருக்கிறது. இதனால் குட்டன்பர்க்கின் பெருமை குறையாது. எழுத்துகளை வேகமாக வார்க்கும் முறை, எண்ணெய் கலந்த மை, அழுத்தும் பொறி மூன்றையும் சேர்த்து ஓடவைத்தது பெரிய வேலை. ஆனால் 'முதல்' என்ற சொல்லைப் பார்த்தால், எங்கே முதல், எதில் முதல் என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பிரபலமான மேற்கோள்கள். 'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்று பிரான்சின் அரசி மேரி அன்டோனெட் சொன்னதாக இன்றும் எழுதுகிறார்கள். இந்தக் கதையைச் சிந்தனையாளர் ரூசோ தன் சுயசரிதையில் பெயர் சொல்லாமல் ஒரு இளவரசியைப் பற்றி எழுதினார். அப்போது 1755இல் பிறந்த மேரி ஆஸ்திரியாவில் சிறுமி. பிரான்சுக்கு வந்ததே 1770இல்தான். ஒருவரை வெறுக்க வசதியான வாசகம் கிடைத்தால் யாரும் சரிபார்ப்பதில்லை, அது அநியாயம்.

தேதிகளிலும் கவனம் வேண்டும். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி, அங்கே அப்போது வழக்கிலிருந்த பழைய நாட்காட்டிப்படி அக்டோபரில் வந்தாலும், நம் நாட்காட்டிப்படி 1917 நவம்பர் 7. பழையதிலிருந்து இன்றைய நாட்காட்டிக்கு மாறியபோது, பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. இரண்டு புத்தகங்களில் தேதி பத்து முதல் பதின்மூன்று நாள் வரை முன்பின்னாக இருந்தால், ஒன்றைப் பிழை என்று ஒதுக்குவதற்கு முன்னால் எந்த நாட்காட்டி என்று பார்த்துவிடுங்கள்.