வெளிநாட்டில் வசிப்பவர்கள் ஆவணங்களில் செய்யும் தவறுகள்

விசா இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. எதற்கு, எதுவரை என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு வரும் பெரிய தலைவலிகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. ஆவணம் கைக்கு வந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம், அதில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.

முதலில் விசா. அதில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி வரை தங்கலாம் என்று நினைத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, எந்தத் தேதி வரை எல்லையில் போய் நின்று உள்ளே வர அனுமதி கேட்கலாம் என்பதை மட்டும் சொல்கிறது. எத்தனை நாள் தங்கலாம் என்பது ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். வந்து இறங்கியதும் அதிகாரி அதில் ஒரு தேதியைப் பதிவார். வேலை விசா மூன்று ஆண்டுக்கு இருக்கும். ஆனால் பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாகிறது என்றால், பாஸ்போர்ட்டின் கடைசி நாளையே ஐ-94-இல் போட்டுவிடுவது உண்டு. அப்புறம் புதுப் பாஸ்போர்ட் வாங்கினாலும் அந்தத் தேதி தானாக நீளாது. இதைக் கவனிக்காமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பவர், தன்னை அறியாமலேயே அனுமதிக் காலம் தாண்டித் தங்கியவர் ஆகிவிடுகிறார். அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு முறை உள்ளே நுழைந்ததும் இணையத்தில் ஐ-94-ஐ எடுத்துத் தேதியைப் பாருங்கள். இதை வலியுறுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் சரிசெய்வது எளிதாக இருக்கும் நேரம் அதுதான்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ளும்போது வேறு ஒரு கணக்கில் சறுக்குகிறார்கள். ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், குறுகிய காலம் தங்க வருபவர் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஒரு வாரம் வெளியே போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தொடங்காது. சோதிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணுவார்கள். வந்த நாளும் கிளம்பிய நாளும் அதில் சேரும்.

சான்றிதழ்களுக்கு வருவோம். பிறப்பு, திருமண, பட்டச் சான்றிதழ்களின் அசலைப் பெட்டியில் எடுத்து வைத்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறோம். வெளிநாட்டு அலுவலகம் அவற்றை அப்படியே ஏற்பது அரிது. 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே ‘அப்போஸ்டில்’ என்ற சான்று வேண்டும், சேராத நாடு என்றால் தூதரகம் வழியாகச் சான்றொப்பம் வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு சான்றிதழுக்கு அப்போஸ்டில் தருவது அதை வழங்கிய நாடுதான். வெளிநாட்டுக்கு வந்த பிறகு அலைந்தால், அசலைத் திருப்பி அனுப்பி, யாரையாவது வரிசையில் நிற்க வைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குழந்தையின் பள்ளிச் சேர்க்கையோ மனைவியின் விசாவோ அதற்காகக் காத்திருக்காது. இன்னொன்று: கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும்தான் அப்போஸ்டில் சொல்கிறது. மொழிபெயர்ப்பு தனி வேலை. அதை, போகும் நாடு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு செய்வதே பாதுகாப்பு.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி விஷயத்திலும் இதே குழப்பம்தான். அது உங்கள் லைசென்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி, தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். அதோடு, குடியிருக்கத் தொடங்கியவர்களுக்குக் கெடு உண்டு. ஜெர்மனியில் ஆறு மாதம், பிரிட்டனில் பன்னிரண்டு மாதம். அதற்குப் பிறகு பழைய லைசென்ஸில் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பதும் இதைத்தான்.

சொந்த நாட்டு செல்பேசி எண்ணை, இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். வங்கி, வரி, ஓய்வூதியக் கணக்குகளின் ஓடிபி பெரும்பாலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். நீண்ட நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் ரத்து செய்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் வங்கிக் குறுஞ்செய்தி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். குறைந்தபட்சக் கட்டணத்தில் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். மாற்ற முடிகிற கணக்குகளைப் புதிய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

வரியில் எல்லோரும் சொல்லும் கணக்கு 183 நாள்: ஒரு நாட்டில் ஆண்டில் அத்தனை நாள் தங்கினால் அங்கே வரிக் குடியிருப்பாளர், அதாவது வரிக் கடமை உள்ளவர், ஆகிவிடுவோம் என்பது. அது பல நாடுகளில் ஒரு அளவுகோல்தான். பிரிட்டனில் வீடு, வேலை, குடும்பம் ஆகிய பிணைப்புகளையும் பார்க்கிறார்கள், அதனால் 183 நாளுக்குக் குறைவாகத் தங்கியவரும் வரிக் குடியிருப்பாளர் ஆகலாம். இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கட்டாமல் காப்பதே அதன் வேலை, தாக்கல் செய்யும் கடமை அப்படியே இருக்கும். வெளிநாட்டுக் கணக்கு யாருக்கும் தெரியாது என்ற காலமும் போய்விட்டது. பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2014-இல் வகுத்த பொது அறிக்கை முறைப்படி, 2017 முதல் பல நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன.

பணம் அனுப்பும்போது ‘கட்டணம் இல்லை’ என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லாபம் மாற்று விகிதத்தில் ஒளிந்திருக்கும். எத்தனை பணம் போட்டால் மறுமுனையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். வீட்டில் சாதாரணமாக விழுங்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் கட்டுப்படுத்தப்பட்டதாக இருக்கலாம். சளி மாத்திரைகளில் வரும் சூடோஎபிட்ரின், 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. வலிக்குத் தரும் டிரமடால் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிடுவது. பத்திரமாக இருக்கும் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். கத்தார், சவூதி, அமீரகம் என எங்கும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது சட்டத்துக்கு எதிரானது. பதிவுக்காகக் கேட்டால் கொடுங்கள், பதிவு முடிந்ததும் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் எழுத்தில் திருப்பிக் கேட்கலாம். மறுத்தால் தொழிலாளர் துறையையும் சொந்த நாட்டுத் தூதரகத்தையும் அணுகலாம். படிக்கத் தெரியாத மொழியில் ஒப்பந்தம் நீட்டினாலும், புரியும் மொழியில் ஒரு பிரதி கேளுங்கள். கையெழுத்திட்ட பக்கங்களை அன்றே படம் எடுத்துக் குடும்பத்தில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

எதிர்பாராமல் காவல்துறை பிடித்துவிட்டால், 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு துணைக்கு வரும். கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர்களாகவே சொல்லிவிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள். தூதரகத்தின் அவசர எண் செல்பேசியில் மட்டும் இருந்தால் போதாது, செல்பேசியைத்தான் முதலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு சிறு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், இன்னொரு பிரதி வீட்டில் இருப்பவரிடம் இருக்கட்டும்.