டொக் வாங்கப் போகிறவர்கள் முதலில் லெப்டொப்பைக் காட்டுங்கள்

கல்முனையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். "நானா, ரெண்டு மொனிட்டர் கொழுவ டொக் ஒன்று தாங்க" என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது அவருடைய லெப்டொப்பை. டொக் என்பது ஒரே வயரால் லெப்டொப்பில் கொழுவும் பெட்டி; மொனிட்டர், யூஎஸ்பி சாமான்களை அதில் கொழுவலாம். லெப்டொப் அனுப்பாத படத்தை எவ்வளவு விலையான டொக்காலும் காட்ட முடியாது.

டைப்-சி துவாரம் இருந்தாலே மொனிட்டர் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். சில லெப்டொப்களில் அது டேட்டாவுக்கு மட்டும்தான். பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பு, டிபி (டிஸ்பிளேபோர்ட், அதாவது படம் அனுப்பும் முறை) குறி இருந்தால் படம் வரும். குறியே இல்லையென்றால் மொடல் இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். அதைவிட லேசான வழி, யாரிடமாவது டைப்-சி இலிருந்து எச்டிஎம்ஐ க்குப் போகும் வயர் ஒன்றை வாங்கிக் கொழுவிப் பார்ப்பது. படம் வந்தால் சாதாரண டைப்-சி டொக் போதும். கிராபிக்ஸ் சிப்பிலிருந்தே படம் நேராக வருவதால் டிரைவர் தொல்லையும் இல்லை.

ஆனால் டொக்கின் டைப்-சி வயருக்குள் வேகமான பாதைகள் நான்குதான். டொக்கில் யூஎஸ்பி 3 உம் ஓடினால் பெரும்பாலும் இரண்டு அதற்குப் போய்விடும், படத்துக்கு மீதி இரண்டு. டிஸ்பிளேபோர்ட் 1.2 உள்ள பழைய லெப்டொப்பில் அந்த இரண்டில் 4கே படம் 30 ஹேர்ட்ஸில்தான், அதாவது விநாடிக்கு 30 தடவைதான், வரும். மவுஸ் இழுபடுவது கண்ணுக்கே தெரியும், நாள் முழுக்க வேலை செய்ய முடியாது. டிஸ்பிளேபோர்ட் 1.4 என்றால் 60 கிடைக்கும். 1080பி (ஃபுல் எச்டி) மொனிட்டர் இரண்டு என்றால் பழையதே தாங்கும். கணக்கு வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மெக்புக்காரர்கள் கவனம். இந்தச் சாதாரண டொக்கில் இரண்டு மொனிட்டர் கொழுவினால் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். அதோடு எம்1, எம்2 சிப் உள்ள மெக்புக் ஏர் வெளியே ஒரு மொனிட்டரைத்தான் ஏற்கும். எம்3 ஏர் மூடியை மூடினால் இரண்டு, எம்4 ஏர் திறந்தபடியே இரண்டு.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கும், பழைய யூஎஸ்பி துவாரம் மட்டும் உள்ளவர்களுக்கும் டிஸ்பிளேலிங்க் டொக் இருக்கிறது. அது படத்தைச் சுருக்கி டேட்டாவாக அனுப்புகிறது. டிரைவர் போட வேண்டும், சிபியூவுக்கும் வேலை கூடும். எக்செல், வேர்ட், மின்னஞ்சலுக்கு நல்லது. கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்கும் கேம் விளையாடுகிறவர்களுக்கும் நான் அதைக் கொடுப்பதில்லை. அவர்களுக்குத் தண்டர்போல்ட் 3 அல்லது 4: விநாடிக்கு 40 கிகாபிட், 4கே மொனிட்டர் இரண்டு 60 ஹேர்ட்ஸில். விலை கூடத்தான், ஆனால் லெப்டொப்பிலும் தண்டர்போல்ட் இருந்தால் மட்டுமே அந்தக் காசுக்குப் பலன்.

போன் சார்ஜர் வயரை டொக்குக்குப் போடாதீர்கள். அனேகமானவை யூஎஸ்பி 2.0, படம் போகாது. டொக்கோடு வந்த வயரையே பாவியுங்கள்.

வாட்ஸையும் பாருங்கள். லெப்டொப் சார்ஜரில் 65 என்றிருந்தால் டொக்கும் அவ்வளவாவது லெப்டொப்புக்குக் கொடுக்க வேண்டும். பெரிய கேமிங் லெப்டொப்புக்கு அதன் சொந்த சார்ஜரும் தேவைப்படும்.

அப்புறம், நம்ம பக்கத்து மார்கழி மழையில் கரண்ட் போனால் பேட்டரியில் லெப்டொப் ஓடிக்கொண்டிருக்கும், சொந்த அடப்டரில் ஓடும் டொக் நின்றுவிடும். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் அதில் கொழுவியிருந்தால் பாதி எழுதிய பைல் பழுதாகலாம். யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் மொனிட்டரோடு டொக்கின் அடப்டரையும் அதிலேயே கொழுவுங்கள்.