பள்ளி மைதானத்தை வார இறுதியில் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி, ஞாயிறு வந்தால் பள்ளி மைதானம் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது. சுவருக்கு வெளியே பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே பந்து உதைக்கிறார்கள். இதைப் பார்த்து மனம் பொறுக்காத ஒருவர் பள்ளியிடம் பேசி, கதவைத் திறக்க வைக்கிறார். சில மாதங்களில் மறுபடியும் பூட்டு தொங்குகிறது. ஏன் என்று விசாரித்தால், பெரும்பாலும் பதில் திங்கட்கிழமை காலையில்தான் இருக்கும்: குப்பை, உடைந்த வலை, திறந்தபடியே கிடக்கும் குழாய். மைதானம் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அந்த மாணவர்களுக்கே அன்று விளையாட இடமில்லாமல் போகிறது.

முதல் தவறு, வாய்ப்பேச்சோடு நின்றுவிடுவது. இன்றைய தலைமையாசிரியர் நல்ல மனதோடு "சரி, வந்து விளையாடுங்கள்" என்பார். அடுத்து வருபவருக்கு அது எதுவும் தெரியாது. ஒரே ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தெந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் கழிப்பறை, யார் சுத்தம் செய்வது, ஏதாவது உடைந்தால் யார் செலவு, யாருக்காவது அடிபட்டால் காப்பீடு யாருடையது. கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். விபத்து நடந்த பிறகு அதைக் கேட்டால் சண்டையில்தான் முடியும்.

சாவியைப் பொதுவில் விடுவதும் தவறு. "யாராவது திறப்பார்கள்" என்றால் யாரும் பூட்டமாட்டார்கள். அந்தந்த நாளுக்கு ஒருவர் பெயர் குறிக்கப்பட வேண்டும். கிளம்பும்போது மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுப் பூட்டுவது அவர் பொறுப்பு. பள்ளிக் காவலாளியின் தலையில் இதைச் சும்மா கட்டுவது நியாயமில்லை. அவருக்கும் அது விடுமுறை நாள் என்றால், கூடுதல் நேரத்துக்கான கூலியைப் பேசி முடித்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அடுத்த தவறு. பொதுமக்களுக்கு என்று திறந்த மைதானம் மெல்ல மெல்ல ஒரே அணியின் சொத்தாகிவிடும். நன்றாக ஆடும் இளைஞர்கள் விடியற்காலையிலேயே வந்து நடுவில் ஸ்டம்ப் நட்டுவிட்டால், பெண்களும் சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் யாரிடமும் புகார் சொல்வதில்லை, அடுத்த வாரம் வருவதில்லை, அவ்வளவுதான். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடுதளத்தைச் சுற்றி வேகமாக நடப்பதும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே நடப்பவர்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு என்று நேரம் பிரித்து வாசலில் எழுதி ஒட்டுங்கள். முதலில் வந்தவருக்கே இடம் என்பது கேட்க நியாயம்போலத் தெரியும். நடைமுறையில் அது பலசாலிகளுக்கே இடம் என்றாகிவிடும்.

பாதுகாப்பில் பலர் கவனிக்காத ஒன்று நகர்த்தக்கூடிய கால்பந்து கோல் கம்பம். முழு அளவு கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். மேல் கம்பியில் ஒரு சிறுவன் தொங்கினாலே அது முன்பக்கம் சாய்ந்துவிடக்கூடும். இப்படிச் சாய்ந்த கம்பத்தில் அடிபட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். தரையோடு முளையடித்தோ, பின்பக்கம் எடை வைத்தோ கட்டாத கோலை ஆட்டத்துக்கு விடவே கூடாது. முதலுதவிப் பெட்டியை அலுவலக அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவதும் அப்படித்தான். இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி பள்ளியில் இருந்தால், அதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக்கூடாது.

தரையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மழையில் ஊறிய புல்தரையில் ஒரு நாள் ஆடினால் மண் இறுகி, புல் பிய்ந்து, சேறு காய்ந்த பிறகு குழிகள்தான் மிஞ்சும். அன்று மைதானத்தை மூடிவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். மரத்தரை உள்ளரங்குக்குத் தெருவில் போட்டு வந்த ஷூ வேண்டாம்.

அப்புறம், வகுப்பறைப் பக்கம் போகும் வழியை மூடிவைக்க மறக்கக்கூடாது. பிறர் பிள்ளைகளைப் பெற்றோரைக் கேட்காமல் படம் எடுப்பதையும் அனுமதிக்கக்கூடாது.

ஏற்கெனவே ஒருமுறை பூட்டு விழுந்த பள்ளி என்றால், இரண்டு நாளும் முழுதாகத் திறக்கச் சொல்லிப் போய் நிற்காதீர்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கேளுங்கள். திங்கட்கிழமை பள்ளி தொடங்குமுன் உடற்கல்வி ஆசிரியரோடு சேர்ந்து மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மூன்று மாதம் அப்படிப் போன பிறகு, சனிக்கிழமையைக் கேட்கலாம்.